அக்கா பங்குக்கு மட்டும் சிலுவை

கிளெமென்ட்,

கிறிஸ்துமஸ் ஆராதனைக்கு ஆர்கன் வாசிக்கப் போகிறேன். சாவி என் பையிலேயே இருக்கிறது. நாயோடு திரும்பி வந்ததும் உள்தாழ்ப்பாள் போட்டுவிடாதீர்கள். உங்கள் அக்கா ஹில்டா பன்னிரண்டு மணிக்கு வருகிறார்.

குட்டி முட்டைக்கோஸைக் கழுவி, எண்ணெயும் உப்பும் புரட்டி, ஓரம் கருகும்வரை அரைமணி நேரம் ஓவனில் வையுங்கள். அக்கா பங்குக்கு மட்டும் ஒவ்வொன்றின் அடியிலும் சிலுவை கீறுங்கள். நேற்றுக் கீறிப் பார்த்ததுபோல உச்சந்தலையில் அல்ல, காம்புப் பக்கம்.

கீறாத கோஸை அக்கா தொடமாட்டார். மூன்று வருஷம் முன்பு, "எதுக்குக்கா சிலுவை? கோஸுக்குள்ள பேய் ஏறி ஒக்காந்துக்குமா?" என்று நீங்கள் சிரித்தீர்கள். "இனி ஒன் வீட்டுல கால வைக்கமாட்டேன்டா" என்று அவர் கோட்டை மாட்டிக்கொண்டு போனார். ஒரு காயால் மூன்று கிறிஸ்துமஸ் வீணாய்ப் போயின.

காலையில் கோஸ் கூடையைப் பார்த்து, "மன்னிச்சுக்கக்கா, சிரிச்சிருக்கக் கூடாது" என்று நீங்கள் சொல்லிப் பழகியதைக் கேட்டேன். நன்றாக இருந்தது. அதையே அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். கூடையைப் பார்த்து வேண்டாம்.

மியூரியல்

பி.கு. குழம்பு சின்னப் பாத்திரத்தில். நாய்க்குக் கோஸ் கொடுக்காதீர்கள், போன வருஷம் சோபாவை மாற்ற வேண்டியதாயிற்று.

இன்னொன்று: நான் கோட்டு மாட்டும்போது ஹில்டா போன் செய்தார். "அந்த மடையனுக்குன்னு சிலுவை கீறாம ஒரு தட்டு வறுத்து எடுத்துட்டு வரேன், அவன்கிட்ட சொல்லாதே" என்றார். இதோ, உங்களிடம் சொல்லிவிட்டேன். தெரியாததுபோல் வாங்கிக்கொள்ளுங்கள். மூன்று பேருக்கு இரண்டு தட்டுக் கோஸ்; வாயுவை ஆண்டவர் பார்த்துக்கொள்வார்.