ஹார்னில் தொங்கும் சிவப்பு டேக்

காலையில் ஷெட்டின் ஷட்டரைத் தூக்கியதும் முதலில் வெளியே வருவது உன் ஜவ்வாது வாசனைதான். பழைய சீட்டைக் கழற்றிப் போட்டுவிட்டேன். தரைவிரிப்பைச் சுருட்டிக் குப்பை வண்டியில் ஏற்றிவிட்டேன். நான்கு கதவுகளையும் திறந்துவைத்து, பாகலூர் ரோட்டு வெயிலையும் புழுதியையும் வாரக்கணக்கில் உள்ளே விட்டேன். வாசனை போகவில்லை. செத்து ஒரு வருடம் ஆன பிறகும் இடத்தைக் காலி செய்யாமல் இருக்க உன்னால்தான் முடியும்.

உன் பழைய அமெரிக்கக் காரை நான்தான் வாங்கினேன். உன் மனைவி விற்கப்போகிறாள் என்று கேள்விப்பட்ட அன்றே போய் நின்றேன். "நீங்க வாங்கினா அவருக்கு சந்தோஷமா இருக்கும்ணா," என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் தலையாட்டினேன். உன்னைச் சந்தோஷப்படுத்த அந்த நீள இரும்பை நான் வாங்கவில்லை. அதைப் பற்றி நீ ஊரெல்லாம் சொல்லித் திரிந்த பொய்யைக் கழற்றி வெளியே போடத்தான் வாங்கினேன்.

"பார்ட்டுக்குப் பார்ட் ஒரிஜினல்டா. அமெரிக்கால ஃபேக்டரி கேட்டை விட்டு எப்படி வந்துச்சோ, அப்படியே இருக்கு." எத்தனை ஆயுத பூஜைக்கு இதைச் சொல்லியிருப்பாய்! கம்பெனி வாசலில் எங்கள் ஸ்கூட்டர்கள் எல்லாம் வரிசையில் காத்திருக்க, உன் காருக்குத்தான் முதல் பொட்டு, முதல் எலுமிச்சம்பழம். டேஷ்போர்டுக்குக் கீழே இருந்த பெட்டியை ஏசி என்பாய். ஒரு சித்திரையில் அஞ்செட்டி காட்டுச் சாலையில் அதைப் போட்டாய். அனல் வந்தது. சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியது. "எஞ்சின் சூடாயிருக்குடா. கொஞ்சம் பொறு, குளிரும்," என்றாய். தேன்கனிக்கோட்டை வரும் வரை பொறுத்தேன். அந்த நாட்களில் நீ சொன்னதையெல்லாம் நம்புவது எனக்குப் பழக்கமாக இருந்தது. ஒரே கல்லூரியில் படித்து, ஒரே பஸ்ஸில் ஓசூருக்கு வந்து இறங்கி, ஒரே அறையில் பாய் விரித்தவர்கள் நாம். நீ உற்பத்திப் பிரிவில் சேர்ந்தாய், நான் தரப் பரிசோதனையில்.

அந்த மாதக் கடைசி நினைவிருக்கிறதா? நம் கம்பெனி செய்த பிரேக் பெடல்களில் ஒரு லாட் பரிசோதனைக்கு என் மேஜைக்கு வந்தது. வளைவில் முடி போல ஒரு விரிசல். ஒன்றிரண்டில் இல்லை, எடுத்ததிலெல்லாம் இருந்தது. பெட்டிகள் எல்லாவற்றுக்கும் சிவப்பு டேக் கட்டினேன். சிவப்பு கட்டினால் கேட்டைத் தாண்டக் கூடாது, உடைத்துக் கழிவில் போட வேண்டும். நம் கம்பெனியில் கூட்டிப் பெருக்குகிறவருக்கும் அது தெரியும்.

"டார்கெட் போயிடும்டா," என்றாய்.

"பிரேக்குடா. எவனாவது மிதிப்பான், உடையும்."

"எல்லாம் உடையாது."

ஞாயிற்றுக்கிழமை நான் வரவில்லை. நீ வந்தாய். சிவப்பை அறுத்து, பாஸ் என்று பச்சையைக் கட்டி என் முத்திரையைக் குத்தினாய். அது என் மேஜை இழுப்பறையில்தான் இருக்கும் என்பது உனக்குத் தெரியும். வாடிக்கையாளரின் பரிசோதனையில் பிடிபட்டு லாட் முழுவதும் திரும்பி வந்தது. எம்.டி. அறையில் உன்னைக் கேட்டபோது நீ என்னைப் பார்க்கவில்லை, ஜன்னலைப் பார்த்தாய். "அவன் பாஸ் பண்ணினான்னுதான் சார் நான் ஏத்தினேன்." அவ்வளவுதான் சொன்னாய், அதுவே போதுமாக இருந்தது.

எனக்கு வேலை போயிற்று. விரிசல் விட்ட பெடலைப் பாஸ் பண்ணிய ஆள் என்று என் பெயர் தொழிற்பேட்டை முழுவதும் எனக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிட்டது. நாகரசம்பட்டிப் பக்கம் ஒரு மாம்பழக்கூழ் ஆலையில்தான் வேலை கிடைத்தது. டின் மூடியின் விளிம்பு சரியாக மடிந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்க்கும் வேலை. சீசன் முழுக்கக் கையில் மாம்பழ வாசனை. உற்பத்தி மேலாளராக உயர்ந்த நீ ஒருநாள் இதே காரில் ஆலையைக் கடந்து போனாய். நீ அதில் பூட்டியிருந்த லாரி ஹார்னின் சத்தத்தை வைத்துத்தான் நீ என்று தெரிந்தது.

கார் வந்ததும் எஞ்சினுக்கும் டேஷ்போர்டுக்கும் நடுவில் அறைந்திருந்த சிறு தகட்டைத் துடைத்தேன். ஃபேக்டரி கொடுத்த நிறம், சீட், மற்றவை எல்லாம் அதில் குறி எண்களாக இருக்கும். நீ ஒருநாளாவது அதைத் துடைத்துப் படித்திருக்கிறாயா? இதே மாடல் வைத்திருக்கும் அமெரிக்கக் கிழவர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். பேரப்பிள்ளையைப் பற்றிக் கேட்டது போல் பக்கம் பக்கமாகப் பதில் வந்தது. நீ ஒரிஜினல் என்று சொன்ன குங்குமச் சிவப்புக்கு அடியில் வெளிர் நீலம் இருந்தது. உன் ஏசி ஹீட்டராம்! பனி கொட்டும் ஊரில் ஓட்டுவதற்காக ஃபேக்டரியே வைத்தது. கேசட் பிளேயர் இருந்த இடத்தில் ஃபேக்டரி வைத்தது வெறும் ரேடியோ. வீல் கப் உள்ளூர்ச் சரக்கு. முன் பம்பரில் நீ பூட்டிய மூன்று குழல் ஹார்ன் கிருஷ்ணகிரி லாரிப் பட்டறையிலிருந்து வந்தது.

ஃபேக்டரி தராத ஒவ்வொன்றிலும் சிவப்பு டேக் கட்டினேன். பாகத்தின் பெயர், காரணம், என் கையெழுத்து. ஃபேக்டரி வைத்ததுதான் என்றாலும் உன் ஏசிக்கும் ஒன்று கட்டி, காரணம் என்ற இடத்தில் "பொய்" என்று எழுதினேன். மெக்கானிக் சீனப்பா கன்னடமும் தமிழும் கலந்து பேசுகிறவன். காரைச் சுற்றி வந்து, "ஏனு சார் இது, காரா, வேண்டுதல் மரமா? நான் தொட்டில் ஒண்ணு கட்டிக்கவா?" என்றான். ஆயுத பூஜைக்குப் பழைய ஆட்களை எல்லாம் கூப்பிட்டு இந்தக் கோலத்தில் உன் காரைக் காட்டுவதுதான் என் திட்டம்.

அதற்குள் உன் மகள் வந்துவிட்டாள். "பெரியப்பா," என்று கூப்பிட்டாள். அங்கிள் என்றிருந்தால் எனக்கு வேலை சுலபமாக இருந்திருக்கும். கிருஷ்ணகிரியில் தனக்குக் கல்யாணம், அப்பா காரில் மண்டபத்துக்குப் போக வேண்டும், ஒரு நாள் தர முடியுமா என்றாள். பிறகுதான் டேக்குகளைப் பார்த்தாள். ஒவ்வொன்றாகக் குனிந்து படித்தாள். நான் தடுக்கவில்லை. அவள் படிக்கட்டும் என்றே நின்றேன்.

"சிவப்புன்னா ரிஜெக்ட்தானே பெரியப்பா?"

"ஆமா. கம்பெனி கொடுத்தது இல்ல. உங்கப்பா சொருகினது."

"ஹார்னுமா? இந்தச் சத்தம் தெருமுனைல கேட்டாத்தான் நான் டி.வி.யை அமத்திட்டு புஸ்தகத்தை எடுப்பேன்."

"லாரி ஹார்ன். உடைச்சுப் போடணும். சிவப்பு கட்டினது கேட்டைத் தாண்டக் கூடாது. தாண்டினா என்ன ஆகும்னு உங்கப்பனைக் கேட்டிருந்தா தெரிஞ்சிருக்கும்."

அவள் நிமிர்ந்தாள். "தெரியும் பெரியப்பா. அப்பா சொல்லியிருக்கார்."

"என்ன சொன்னான்?"

"டேக்கை நான்தான் மாத்தினேன், அவன் பேரு கெட்டுப்போச்சுன்னு. ரெண்டு பெக் உள்ள போனா அம்மாகிட்ட புலம்புவார். அழுவார்கூட."

"அப்புறம்?"

"அப்புறம்... சாப்பிட உக்காருவார்."

கேட்டாயா? நான் டின் விளிம்பைத் தடவிக்கொண்டிருந்த வருடங்களில், என் பெயரை நீ உன் சாப்பாட்டு மேஜையில் சுத்தம் செய்திருக்கிறாய். பிறகு ரசம் ஊற்றிப் பிசைந்திருக்கிறாய். உனக்கு எதுவும் தெரியவில்லை, வசதியாக மறந்துவிட்டாய் என்று நினைத்து வெறுப்பது எனக்கு எளிதாக இருந்தது. உனக்கு எல்லாம் தெரிந்திருந்தது. வாசல் கதவைச் சாத்திக்கொண்டு தெரிந்திருந்தது.

"கார் தரேன்," என்றேன். "ஹார்னும் இருக்கும். ஆனா டேக் அதுலயே தொங்கும். யாராவது கேட்டா நீதான் பதில் சொல்லணும்."

என் முகத்தையே பார்த்தாள். உன் கண்கள்தான், ஆனால் ஜன்னல் பக்கம் போகவில்லை. "வீட்டுக்குள்ள சொன்னதை வெளிய சொல்லணும். அவ்ளோதானே? சொல்றேன்."

கல்யாணத்தன்று மற்ற டேக்குகளை அவிழ்த்துவிட்டுக் காரை நானே ஓட்டினேன். பானெட் முழுக்க ஓசூர் ரோஜா. ஹார்னில் மட்டும் பூ வைக்க நான் விடவில்லை. மண்டப வாசலில் நம் பழைய ஆட்கள் நின்றிருந்தார்கள். எம்.டி. தடியூன்றி வந்து குனிந்தார். "என்னம்மா இது, திருஷ்டிக்கா?"

மாலையும் கழுத்துமாக இறங்கியவள் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்: "இல்ல சார். பெரியப்பா கட்டின டேக். அவர் சிவப்பு கட்டினா அது சிவப்புதான். அன்னிக்கு பிரேக் பெடலுக்கும் சிவப்புதான் கட்டினார். பச்சையா மாத்தினது எங்கப்பா."

நாதஸ்வரம் ஒலித்துக்கொண்டே இருந்தது. எம்.டி. கண்ணாடியை ஏற்றிவிட்டு டேக்கைப் படித்தார். கையெழுத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் காத்திருந்தேன். இத்தனை வருடங்களாக அந்த வாயிலிருந்து ஒரு வார்த்தைக்குக் காத்திருந்தேன்.

"சாப்பிட்டீங்களா?" என்றார்.

சாப்பிடவில்லை. பந்தி நடக்கும்போது காருக்குள் போய் உட்கார்ந்துகொண்டேன். உன் மனைவி ஓரமாக நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள், கிட்டே வரவில்லை. உன் மகள் மட்டும் மணமேடையிலிருந்து இறங்கியதும் இலையில் இனிப்பைக் கட்டி எடுத்து வந்து ஜன்னல் வழியாக நீட்டினாள். அவள் மேல் எனக்கு எந்த வழக்கும் இல்லை. வாங்கிக்கொண்டேன்.

இப்போது கார் வெளிர் நீலமாக இருக்கிறது. ரேடியோ வந்துவிட்டது, ஹீட்டர் ஹீட்டராகவே இருக்கிறது. உன்னுடையது எல்லாம் கழிவுக்குப் போயாயிற்று. ஹார்ன் மட்டும் சிவப்பு டேக்கோடு பம்பரில் இருக்கிறது. "எல்லாம் கம்பெனி மாதிரி பண்ணியாச்சு. இந்த ஒண்ணை மட்டும் ஏன் சார் விட்டு வெச்சிருக்கீங்க?" என்று சீனப்பா சுத்தியலோடு நின்றான். இருக்கட்டும் என்றேன்.

தினமும் காலையில் எஞ்சினை ஓடவிட்டு ஒருமுறை ஹார்னை அழுத்துகிறேன். தெரு திரும்பிப் பார்க்கும். பிறகு இறங்கி முன்னால் போய், டேக் கட்டிய கம்பியை இழுத்துப் பார்க்கிறேன். இறுக்கமாகத்தான் இருக்கிறது.