யாருடைய குண்டு?

மார்ச் 6, 1960, ஞாயிறு. வில்லியனூர்.

பிரான்சு சகாராவில் அணுகுண்டு வெடித்ததைக் கண்டித்து இன்று படிப்பகத்தில் கூட்டம். தீர்மானத்தை எழுதியவன் நான். "அந்நிய அரசே, நிறுத்து" என்று முடித்திருந்தேன். கைதட்டினார்கள். சவரிநாதன் மட்டும் எழுந்தார். மேரி என்னும் நகராட்சி அலுவலகத்தில் எனக்கு வரவேண்டிய வேலையைத் தட்டிப் பறித்தவர்.

"இன்னா வக்கீலே, அந்நிய அரசுன்னு எழுதிட்டீங்க? நம்ப ஊர இந்தியாவோட சேக்குற ஒப்பந்தம் இன்னும் ஒப்புதல் ஆவாம பாரீசுல தூங்குது. சட்டப்படி நாம பிரெஞ்சுக் குடிமக்கதான். வெடிச்சது நம்ப குண்டு. எங்க பேர்ல வெடிக்காதேன்னு எழுதுங்க."

"உம்புள்ள பிரெஞ்சுப் பட்டாளத்துலதான இருக்கான், சவரி?" என்று பின்னாலிருந்து ஒருவர் சீண்டினார்.

"ஆமாபா, அல்ஜீரியாவுல. அப்பன் கையெழுத்தப் பாத்தா அவன இன்னா பண்ணுவாங்களோ. அதுக்காவ வாய மூடிக்கினா, நாளைக்கு ஒவ்வொரு நாடும் ஒரு குண்டு வெச்சிக்கும்."

சட்டம் படித்த எனக்கு அது தோன்றவில்லை. 'அந்நிய' என்பதை அடித்து 'எங்கள்' என்று எழுதினேன். அவர் என் பேனாவை வாங்கி முதல் ஆளாக, முழுப் பெயரையும் நிறுத்தி நிதானமாக எழுதினார். அடுத்துக் கையெழுத்துப் போட்ட நான்தான் முதலெழுத்தை மட்டும் கிறுக்கினேன். எனக்கு அந்தப் பட்டாளத்தில் யாருமே இல்லை.

வேலை விஷயத்தில் அவரை இந்த ஜென்மத்தில் மன்னிக்க மாட்டேன். ஆனால் எப்பேர்ப்பட்ட மனிதர். அந்தப் பையனுக்கு மட்டும் ஒன்றும் ஆகிவிடக் கூடாது.