நான்கு இரும்பும் மூன்று காற்றும்

மங்கலம் நிலைக்க. உலைத்தீ அணையாத தாழைக்கரை நாட்டின் அரசியார் நித்திலக்கோதையாருக்கு, வேங்கைக்குன்றம் ஆளும் இளநெடுங்கோ வரையும் ஓலை. தங்கள் ஆறுகள் வற்றாதிருக்க, தங்கள் குடிகள் வாடாதிருக்க.

சென்ற வேனிலில் தங்கள் உலைமண்டபத்தில் நாம் உரையாடியதை மறந்திலோம். வெண்மணி இரண்டு கோத்த சரம் நீரகக் காற்று, செம்மணி இரண்டு கோத்த சரம் நாம் மூச்சில் இழுக்கும் உயிரகக் காற்று, இவை கூடிப் பிறக்கும் தண்ணீரோ வெண்மணி இரண்டும் செம்மணி ஒன்றும் கோத்த சரம் என்று காட்டி, இருபுறமும் மணிகள் ஒத்துவரச் சமன்செய்யச் சொன்னீர்கள். ஒரு செம்மணி மிஞ்சியது. யாமோ தண்ணீர்ச் சரத்தின் முடிச்சை அவிழ்த்து, அதையும் உள்ளே திணித்து, முடிந்தது என்றோம். இதைப் பருகினால் வேங்கைக்குன்றம் வேறு வேந்தரைத் தேட நேரும் என்று நகைத்தீர்கள். முடிச்சை அவிழ்த்தால் பொருளே வேறாகிவிடும், எத்தனை சரம் என்பதை மட்டுமே மாற்றலாம் என்று சொல்லி, இன்னொரு வெண்சரமும் இன்னொரு தண்ணீர்ச் சரமும் வைத்தீர்கள். மணிகள் ஒத்துவந்தன.

அன்று நாணினோம். இன்று பெருமிதத்தோடு எழுதுகிறோம். நேற்று எம் பேரவையில், எவர் துணையுமின்றி, இரும்பு துருவாவதைச் சமன்செய்தோம். இரும்புமணி இரண்டும் செம்மணி மூன்றும் கோத்ததே துரு. ஆகவே இரும்பு நான்கு, உயிரகச் சரம் மூன்று, துருச்சரம் இரண்டு. குற்றம் காணும் ஆவலில் அமைச்சர் கூத்தனார் மும்முறை எண்ணிப் பார்த்தும் ஒரு மணிகூட மிஞ்சக் காணவில்லை. கோட்டைகளை வென்றபோதும் எம் தோள்கள் இப்படி நிமிர்ந்ததில்லை.

அந்தக் கூத்தனார்தாம் அவ்வேனிலில் எம் நாவைக் கட்டியவர். ஓர் அரியணையில் இரு மணிமுடி பொருந்தாது, அரசியார் முடிதுறக்க இசைந்தாலன்றி மனத்திலுள்ளதைக் கேட்கலாகாது என்றார். யாமும் கேளாமலே திரும்பினோம். நேற்று துருச்சரத்தைக் கையில் ஏந்தியபோதுதான் விளங்கியது: அமைச்சர் சொன்னதும் முடிச்சை அவிழ்க்கும் வேலையே. அரியணை ஒன்று போதாதெனில், இரண்டு இடுவதன்றோ முறை? தச்சருக்கு ஆணையிட்டுவிட்டோம், கூத்தனாரே மரம் தேர்கிறார்.

வேங்கை முத்திரை பதித்து இவ்வோலையை விடுக்கிறோம். இதன் கடைசி வரியை எம் தூதர் தங்கள் அவை முழுதும் கேட்க உரத்து வாசிக்கக் கடவர்:

நித்திலக்கோதையாரே, தங்கள் மணிமுடியோடும் தங்கள் உலைகளோடும், எம்மை மணந்துகொள்வீர்களா?