டோஹான் என்றால் பக்கவாத்தியம்

2002 ஜனவரி 6, ஞாயிறு

மூடுபனி. எதிர் பிளாக் இல்லை. பால் பூத்துக்குப் போய்விட்டு வேறு யார் வீட்டுப் படியிலோ ஏறி, பூட்டில் சாவி நுழையாததால் திரும்பினேன். சரோஜினி நகர் குடியிருப்புகளை ஒரே அச்சில் வார்த்த பொறியாளர் ஜனவரி மாதத்தை யோசிக்கவில்லை.

செய்ய வேண்டியவை: ஹீட்டர் கம்பி. பார்வதிக்கு இருமல் மருந்து. ஜப்பான்.

ஜப்பான் இன்று காலைதான் சேர்ந்தது. மாடி வீட்டுச் சங்கரலிங்கம் (இனி ச.) மங்கி கேப்போடு வந்தார். மகள் கோமதிக்கு ஜப்பானில் ஆறு மாத ஒப்பந்தம். ஒசாகா பக்கம் ஏதோ ஊர். கலாசார நிகழ்ச்சிகளில் பரதநாட்டியம். லாஜ்பத் நகர் ஏஜென்ட் ஒருவரின் ஏற்பாடு. பத்தொன்பதாம் தேதி விமானம்.

"விசாவுலயே 'என்டர்டெய்னர்'னு போட்டிருக்கான் அண்ணாச்சி. கலைஞர்னு அர்த்தம். நம்ம கவர்மென்ட்டுல எவனாவது ஆடுத பிள்ளைய இப்படி மதிச்சிருக்கானா?"

மதித்ததில்லை என்று ஒப்புக்கொண்டேன்.

"நீங்க கம்ப்யூட்டர்ல பாத்து, ஜப்பானப் பத்தி உபயோகமா என்னென்ன இருக்கோ எடுத்துக் குடுங்க. சாப்பாடு, பழக்கவழக்கம், ரயிலு. பிள்ள அங்க போயி திருதிருன்னு முழிக்கக் கூடாது, பாத்துக்கிடுங்க."

பிளாக்கில் மின்னஞ்சல் முகவரி உள்ளவன் நான் ஒருவன். இதுவரை வந்தவை இரண்டு. இரண்டும் நானே சோதனைக்கு அனுப்பியவை.

ஜனவரி 7, திங்கள்

பனி. ஆபீஸ் விட்டு நேரே மார்க்கெட் சைபர் கஃபே (இனி சை.க.). ஸ்வெட்டர் கடைக்கு மேலே, பிளைவுட் தடுத்த நாலு கேபின். உரிமையாளர் ஒரு சர்தார்ஜி. நரைத்த ஆள் தனிக் கேபின் கேட்டால் எதற்கு என்பதில் அவருக்கு ஏற்கெனவே ஒரு முடிவு உண்டு. "ஜப்பான் பற்றிப் பார்க்க வேண்டும்" என்றேன். "சமஜ் கயா ஜி", புரிந்துவிட்டது என்று திரையைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தார்.

கிடைத்தவை:

– குனிதல். ஓய்வுபெற்ற அமெரிக்க ஆசிரியர் ஒருவரின் பக்கம். யாருக்கு எத்தனை பாகை குனிவது என்று படம். எங்கள் இலாகாவில் இது படம் இல்லாமலே நடக்கிறது.

– ரயில். சற்றே தாமதமானாலும் மன்னிப்புக் கேட்கிறார்களாம். அச்செடுக்கவில்லை. திரும்பி வந்தபின் பெண் இந்த ஊரில் குடித்தனம் செய்ய வேண்டாமா.

– சைவம். எல்லாவற்றிலும் மீன் சாறு. மீன் இல்லை என்று சொல்லித் தருவதிலும். (ச.விடம் சொல்ல வேண்டாம்.)

– கழிப்பறைக்குத் தனிச் செருப்பு. மூன்று இணையத் தளங்கள் ஒரே குரலில். மற்ற எதிலும் அவற்றுக்குள் ஒற்றுமை இல்லை.

– நம்மூர் இன்ஜினீயர் ஒருவரின் பக்கம். மண்வெட்டியோடு ஒரு பொம்மை மனிதன், "பணி நடைபெறுகிறது". கடைசித் தேதியைப் பார்த்தால் இரண்டு வருடமாக வெட்டுகிறான்.

ஜனவரி 9, புதன்

கொஞ்சம் வெயில். ரஜாய்ப் போர்வைகளைக் காயப்போட்டோம்.

மாலை கோமதி வந்தாள். இங்கேயே பிறந்தவள். தமிழ் பேசுவாள், படிக்க வராது. ஏஜென்ட் ஆபீசில் தினமும் 'கல்ச்சர் கிளாஸ்' நடக்கிறதாம். நடன ஒத்திகை எப்போது என்று கேட்டேன்.

"அது அங்க போய் பாத்துக்கலாம்னு சொல்லிட்டாங்க மாமா."

கற்றதைச் செய்து காட்டினாள். முழங்காலிட்டு உட்கார்ந்து, தண்ணீர் பாட்டிலை இரண்டு கையாலும் பிடித்து, லேபிள் மேலே தெரியும்படி என் டம்ளரில் சாய்த்தாள். டம்ளர் காலியாக விடக் கூடாதாம். சிரிக்கும்போது கையால் வாயை மறைக்க வேண்டுமாம். பிறகு தீக்குச்சி கிழித்து, காற்றுப் படாமல் உள்ளங்கையால் மறைத்து, என் முகத்தருகே நீட்டினாள்.

"இது எதுக்கும்மா?"

"சிகரெட்டுக்கு. கெஸ்ட்டுக்கு ரெஸ்பெக்ட்."

பார்வதிக்கு ஒரே பூரிப்பு. "என்ன பதவிசு! இவுக இத்தன வருசத்துல எனக்கு ஒரு செம்பு தண்ணி மோந்து தந்ததில்ல. ஏட்டி, இதுதான் அவிய டீ செரிமனியா?"

"ஹாஞ் அத்தை, அப்படித்தான் இருக்கும்."

வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே கேட்டாள். "மாமா, டோஹான்னா என்ன? வாரத்துக்கு ரெண்டு கம்பல்சரியாம். என்னன்னு கேட்டா சிரிக்கிறாங்க."

ஜனவரி 10, வியாழன்

பனி. லோதி ரோடில் பஸ் முன்னால் கண்டக்டர் நடந்து வழி காட்டினார். இலாகா அளவில் இந்த முறையை நான் முன்பே பார்த்திருக்கிறேன்.

சை.க. அகராதித் தளம் ஒன்று. டோஹான்: ஆங்கிலத்தில் ஒரே சொல், அக்கம்பனிமென்ட். படிக்கட்டில் ச.வைப் பார்த்துச் சொன்னேன். முகம் விளக்குப் போட்ட மாதிரி ஆனது.

"பக்கவாத்தியம்!"

சபா அழைப்பிதழ்களில் ஆயுள் முழுக்கப் பார்த்த சொல். எனக்கும் சரியென்றே பட்டது.

"வாரத்துல ரெண்டு நாளு பக்கவாத்தியத்தோட, மத்த நாளு கேசட்டு. நியாயந்தான?"

"மிருதங்கம் யார் வாசிப்பார்?"

"ஜப்பான்காரன் படிச்சிருவான் அண்ணாச்சி. காரே செய்யுதான்."

இரவு மாடியிலிருந்து எஸ்.டி.டி. குரல். பாளையங்கோட்டைக்குப் பக்கவாத்தியச் செய்தி போய்ச் சேர்ந்தது. போன் இல்லாமலே கேட்டிருக்கும்.

ஜனவரி 12, சனி

டீ செரிமனி பற்றியும் எடுத்து வரச் சொல்லி பார்வதி. போனேன். கிண்ணம், பச்சைப் பொடி, அதைக் கலக்க மூங்கில் தூரிகை. படங்கள் அழகு. எந்தப் படத்திலும் பாட்டில் இல்லை. தேநீருக்கு நெருப்பு வேண்டும்தான், விருந்தாளியின் வாயருகே அல்ல.

பாட்டில், சிகரெட், டோஹான் மூன்றையும் சேர்த்துத் தட்டினேன். பக்கம் மேலிருந்து வரி வரியாக இறங்கியது. பயணிகள் கருத்துப் பலகை. முதலில் ஆண்கள். எந்த ஊரில் எந்த கிளப், எந்த நாட்டுப் பெண்கள், எவ்வளவு ஆகும். நட்சத்திரம்கூடப் போட்டிருந்தார்கள். உபயோகமான தகவல்கள்.

கீழே ஒரு பெண். பெயர் இல்லை. என்டர்டெய்னர் விசாவில் பாட வந்தவள். ஒரு நாளும் பாடவில்லை. மேஜையில் உட்கார்ந்து ஊற்றிக் கொடுப்பது வேலை. லேபிள் மேலே தெரிய. டோஹான் என்றால் கிளப் திறக்குமுன் வாடிக்கையாளரோடு வெளியே சாப்பிடப் போய், அவரைக் கையோடு அழைத்து வருவது. வாரக் கணக்குத் தவறினால் சம்பளத்தில் பிடித்தம். சாப்பாட்டோடு முடியுமா என்பது அன்றைய ஆளைப் பொறுத்தது. அவ்வளவுதான் எழுதியிருந்தாள். புலம்பல் இல்லை.

அதற்கு ஒருவன் பதில் போட்டிருந்தான். சிரிக்கும் மஞ்சள் முகம் ஒன்று.

சர்தார்ஜி பிளைவுட்டைத் தட்டினார். "பிரிண்ட் சாஹியே?" வேண்டாம் என்றேன். படியிறங்கி, திரும்ப ஏறி, வேண்டும் என்றேன்.

ஜனவரி 13, ஞாயிறு

ச.விடம் சொன்னேன். கடைசிவரை கேட்டார். தாளைத் தொடவில்லை.

"எழுதுனவ பேரு இருக்கா?"

"இல்லை."

"விலாசம்?"

"இல்லை."

"அப்ப மொட்டக் கடுதாசி. நம்ம ஆபீஸ்ல மொட்டக் கடுதாசி வந்தா என்ன செய்வோம்?"

"ஃபைல் பண்ணுவோம். நடவடிக்கை எடுக்க மாட்டோம்."

"அம்புட்டுதான்."

விதி அவர் பக்கம். எனக்குத் தெரிந்த பல கனவான்கள் அந்த விதியின் நிழலில்தான் பென்ஷன் வாங்குகிறார்கள்.

"பக்கவாத்தியம்னு நீங்கதான அண்ணாச்சி சொன்னிய?"

"அக்கம்பனிமென்ட் என்றேன்."

"ரெண்டும் ஒண்ணுதான?" கேட்டுவிட்டு எழுந்தார். "பிள்ளைகிட்ட சொல்லிராதிய."

படியேறும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். வழக்கமில்லை.

ஜனவரி 14, திங்கள். பொங்கல்

லீவு போட்டேன். கண்ணில் படாத சூரியனுக்குக் குக்கரில் பொங்கல். கிழக்கு என்று உத்தேசித்த பக்கம் பார்த்து பார்வதி கும்பிட்டாள்.

கோமதி கிண்ணத்தில் பொங்கல் கொண்டுவந்தாள். சொல்லாதே என்றது நினைவிருந்தது. சொல்லவில்லை, தாளைக் கொடுத்தேன். நின்றபடியே படித்தாள். ஒருமுறை படித்து, மறுபடி மேலிருந்து.

"லேபிள் கூட எழுதியிருக்கா மாமா" என்றாள். தாளை மடித்து எடுத்துக்கொண்டு போனாள்.

மாலையில் எங்களையும் மாடிக்குக் கூப்பிட்டாள். ச. நாற்காலியில்.

"அப்பா, கிளாஸ்ல சொல்லிக் குடுத்தத நீங்க பாத்ததே இல்லையே. உக்காருங்க."

முழங்காலிட்டாள். இரண்டு கை. ஊற்றினாள். ச. எங்களைப் பார்த்துச் சிரித்தார். அவர் ஒரு மடக்குக் குடித்ததும் மறுபடி ஊற்றினாள். வாயை மறைத்துச் சிரித்தாள். இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்கார்ந்தாள். தீக்குச்சி. ச.வுக்குப் புகைக்கும் பழக்கம் கிடையாது. முகத்தைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"சரிட்டி, ஆட்டம் எங்க? பக்கவாத்தியம் எங்க?"

"ஆட்டம் கிடையாதுப்பா. பக்கவாத்தியம் நான்தான்."

குச்சி விரல்வரை எரிந்தது. அவள் ஊதவில்லை. அவர்தான் ஊதினார்.

அங்கிருந்தே ஏஜென்டுக்குப் போன் செய்தார். பெண்ணை அனுப்புவதாக இல்லை என்றார். போனை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"கோவப்படலியே அண்ணாச்சி. 'கோயி பாத் நஹி, அங்கிள்ஜி', பரவால்லன்னுட்டான். பிளாக்கு நம்பரும் வீட்டு நம்பரும் சரிதானான்னு மட்டும் கேட்டுக்கிட்டான்."

அவருக்கு அது மரியாதையாகப் பட்டது. நான் கீழே வந்து எங்கள் வாசல் பூட்டை இருமுறை இழுத்துப் பார்த்தேன்.

ஜனவரி 15, செவ்வாய்

பனி. விடிந்ததும் வாசலில் ஹார்ன். வெள்ளை மாருதி வேன். ஓட்டுநர், பின்சீட்டில் இன்னொருவன். விமானம் பத்தொன்பது அல்ல, இன்றைக்கே, பெண்ணைக் கூப்பிடுங்கள் என்றான் ஓட்டுநர். நேற்றைய போனே நடக்காத மாதிரி.

ச. லுங்கியோடு இறங்கி வந்தார். இத்தனை வருடத்திலும் இந்தியில் ஆண்பால் தவிர அவருக்கு ஒன்றும் வராது. கோமதி அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

"மேரா லட்கி நஹி ஜாயேகா!" என் பெண் போக மாட்டான்!

பிளாக் முழுக்கக் கேட்டது. யாரும் சிரிக்கவில்லை. நாலைந்து ஜன்னல்கள் திறந்து மூடின.

பின்சீட்டுக்காரன் கண்ணாடியை இறக்கினான். சின்னப் பையனுக்குத் திருத்துவதுபோல, "நஹி ஜாயேகி, அங்கிள்ஜி. டீக் ஹை" என்றான். போக மாட்டாள், சரி. விசாவுக்கு வாங்கிய பாஸ்போர்ட் ஏஜென்ட் ஆபீசில் பத்திரமாக இருக்கிறது, பெண் எப்போது வேண்டுமானாலும் வந்து வாங்கிக்கொள்ளலாம், அப்பா அலைய வேண்டாம் என்றான்.

"அகேலி ஆயே." தனியாக வரட்டும்.

கண்ணாடி ஏறியது. ச. என்னைப் பார்க்காமல் மேலே போனார். கதவு. தாழ்ப்பாள். ஏதோ கனமான சாமானைக் கதவுக்கு முட்டுக் கொடுக்க இழுக்கும் சத்தம்.

வேன் போகவில்லை. பனியில் அது தெரியவில்லை, எஞ்சின் மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது. பார்வதி ஜன்னலை மூடச் சொல்கிறாள். மூடித்தான் இருக்கிறது.