முப்பத்தோராம் மனை

1999 பிப்ரவரி 9, செவ்வாய்

இவர் வேலை பார்க்கிற ஏலக்காய்க் கடையில் இந்த வருஷமும் டைரி கொடுத்தார்கள். போன வருஷ டைரியில் பாதிக்கு மேல் ரவிக்கை அளவுதான் கிடக்கிறது. தையற்காரி டைரி வேறு எப்படி இருக்கும்? இந்த வருஷம் ஒழுங்காக எழுதுவதென்று நினைத்தேன். அதற்குள் பிப்ரவரி ஆகிவிட்டது.

காலையில் மூக்கம்மாள் வீட்டுக் கொடியில் சட்டை காய்ந்தது. நீலக் கட்டம் போட்ட சட்டை. வாரத்துக்கு ஒரு தடவை காயும். அவள் புருஷன் அழகர் அவளையும் பிள்ளையையும் விட்டுவிட்டு, மலைக்கு மேலே வண்டன்மேட்டில் வேறொருத்தியோடு குடித்தனம் நடத்தி ஆறு வருஷமாகிறது. வாய்க்கால்கரையில் ஐம்பத்தெட்டு வீட்டுக்கும் இது தெரியும். "நேத்து அவுக வந்தாகக்கா, கோழி கூப்பிடக் கெளம்பிட்டாக" என்பாள். "நல்லா இருக்காகளா?" என்று நாங்களும் கேட்போம். ஒருத்தரும் சிரிக்க மாட்டோம். தனியாக இருக்கிறவள் என்றால் எவனெவன் கதவைத் தட்டுவான் என்று அவளுக்குத் தெரியும், எங்களுக்கும் தெரியும்.

சாயங்காலம் கரண்டு போஸ்டில் நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போனார்கள். வாய்க்காலை அகலப்படுத்தப் போகிறார்களாம். முப்பது நாளில் எல்லோரும் காலி செய்ய வேண்டுமாம். எங்கே போவதாம்? அதை எழுதவில்லை.

பிப்ரவரி 15, திங்கள்

தேனிக்குப் போய் மனுக் கொடுத்துவிட்டு வந்தோம். நாற்பத்தொரு பெண்கள். ஆண்கள் ஆறு பேர். கம்பத்தில் பஸ் ஏறியபோது கண்டக்டர் "என்ன கல்யாணமா?" என்று கேட்டார். "ஆமா, நீயும் வா" என்றாள் மூக்கம்மாள்.

சங்கம் வைத்து ஒரு வாரந்தான் ஆகிறது. டீக்கடை சீனிச்சாமி அண்ணன் தலைவர். பத்தாவது படித்த பாவத்துக்கு நான் செயலாளர். ஆனால் வீடு வீடாகப் போய் ஆள் திரட்டியது மூக்கம்மாள்தான். விடியுமுன் ஜீப்பில் மலையேறி ஏலத்தோட்டத்தில் நாளெல்லாம் குனிந்து வேலை பார்த்துவிட்டு, திரும்பி வந்து கதவு கதவாகத் தட்டினாள். கைநாட்டுக்காரி. பேச்சில் மட்டும் கலெக்டர் படிப்பு.

மனு என் கையெழுத்து. அடித்தல் திருத்தல் கிடையாது. அதிகாரி இரண்டு தடவை புரட்டிப் பார்த்தார், எனக்கு உள்ளுக்குள் பெருமை. பிறகு, "புறம்போக்குன்னு தெரிஞ்சுதான குடிவந்தீங்க?" என்று கேட்டார். மூக்கம்மாள் முன்னால் வந்தாள். "கரண்டுக்குப் பில்லு போடையில, ஓட்டுக் கேட்டு வரையில நாங்க இங்கன இருந்தது தெரிஞ்சுச்சுல்ல சார்?" என்றாள். அவர் குனிந்து ரப்பர் முத்திரையைத் தேட ஆரம்பித்துவிட்டார்.

மார்ச் 11, வியாழன்

பொக்லைன் வந்துவிட்டது. கூடவே போலீஸ்.

ஆண்கள் பேசிக்கொண்டே நின்றார்கள். மூக்கம்மாள் வீட்டுக்குள் போனாள். ஓடிவிட்டாளோ என்று ஒரு நிமிஷம் நினைத்தேன், அல்லா மன்னிக்கட்டும். அவள் இரும்பு அடுப்பைத் தூக்கிக்கொண்டு வந்தாள். பொக்லைனுக்கு நேர் முன்னால் வைத்துப் பற்ற வைத்தாள். உலையை ஏற்றினாள். பார்த்துக்கொண்டிருந்த பெண்கள் ஒவ்வொருத்தியாக ஓடிப் போய் அடுப்பைத் தூக்கிவந்தார்கள். நான் ஸ்டவ்வைக் கொண்டுபோனேன். இருபது முப்பது அடுப்பு இருக்கும். ஒரே புகை.

டிரைவர் சாவியைக் கழற்றிவிட்டார். "எரியுற அடுப்புல வண்டிய ஏத்த மாட்டேன் சார். நானும் புள்ளகுட்டிக்காரன்" என்றார். அதிகாரி கத்தினார். டிரைவர் போய்ச் சீனிச்சாமி அண்ணன் கடையில் உட்கார்ந்துவிட்டார்.

வெந்த சோற்றை என்ன செய்வது? டிரைவருக்கும் போட்டோம். போலீஸ்காரர் ஒருத்தரும் சாப்பிட்டார்.

மார்ச் 12

சேலையெல்லாம் இன்னும் புகை நாற்றம். ஆனால் சந்தோஷம்.

ஏப்ரல் 19, திங்கள்

ஜெயித்துவிட்டோம். முழு ஜெயம் இல்லை. வாய்க்கால்கரையை விட்டுத்தான் ஆக வேண்டும். ஆனால் காமயகவுண்டன்பட்டி ரோட்டுக்குப் பக்கத்து மேட்டில் வீட்டுக்கு இரண்டு சென்ட், பட்டாவோடு தருகிறார்களாம். மூக்கம்மாள் என் கன்னத்தைப் பிடித்துக் கிள்ளினாள். "எனக்கு ஒங்க பக்கத்து மனைதான் வேணும், சொல்லிட்டேன்" என்றாள்.

மே 4, செவ்வாய்

இரண்டு நாளாகப் பட்டியல். ரேஷன் கார்டில் குடும்பத் தலைவர் யாரோ அவர் பேருக்குத்தான் பட்டா என்று தாலுகா ஆபீஸ் கிளார்க் சொல்லிவிட்டார். இன்னொன்றும் சொன்னார். "எல்லாம் ஒரே கட்டா வரணும்மா. ஒரு பேர்ல தகராறுன்னாலும் மொத்தக் கட்டும் நின்னுரும்."

மூக்கம்மாள் கார்டில் தலைவர் அழகர். அதற்கும் வழி கேட்டுக்கொண்டு வந்தேன். கணவனால் கைவிடப்பட்டவர் என்று தாசில்தாரிடம் சான்று வாங்கினால் அவள் பேருக்கே பட்டா கிடைக்கும். அவளைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னேன்.

அப்படி ஒரு முகத்தை அவளிடம் நான் பார்த்ததில்லை. "வாழாவெட்டின்னு கவர்மெண்டு சீலு குத்தித் தரணுமாக்கா எனக்கு? அந்தத் தாள எங்க வைப்பேன்? நாளைக்கி எம்புள்ளைய எவன் கட்டுவான்?"

இரண்டு வார்த்தை எடுத்துச் சொன்னேன். "அவுக பேரையே எழுதுங்க" என்றாள். சரி என்றுவிட்டேன்.

மே 5

ஆள் ஊரில் இல்லாத வீட்டுக்குச் சங்கம் உறுதிமொழி எழுதித் தர வேண்டுமாம். எழுதினேன். செயலாளர் என்று கையெழுத்துப் போட்டுச் சங்க முத்திரையும் குத்தினேன். ஐம்பத்தெட்டுப் பேர், ஓர் ஓட்டை கிடையாது. கட்டைத் தூக்கிப் பார்த்தாலே மனது நிறைகிறது.

இவரிடம் காட்டினேன். "அச்சடிச்ச மாதிரி இருக்கு" என்றார். பிறகு, "அழகர் இங்கனயா இருக்கான்?" என்று கேட்டார். "கொடியில சட்டை காயுதுல்ல" என்றேன். இரண்டு பேரும் சிரித்தோம்.

ஆகஸ்ட் 16, திங்கள்

பட்டா தயார். பேருக்கு உரியவர் நேரில் வந்து கையெழுத்துப் போட்டு வாங்க வேண்டும். இதை முன்னாலேயே யோசித்திருக்க வேண்டாமா நான்?

இப்போது பேர் மாற்றினால் கட்டுத் திரும்பிப் போகும் என்கிறார் கிளார்க். மூக்கம்மாள் முந்தானையை இழுத்துச் செருகினாள். "நானே போய்க் கூட்டியாறேன்" என்றாள். ஆறு வருஷமாக அவன் இருக்கிற தோட்டத்துப் பக்கம் ஜீப் போனால்கூட ஏறாதவள்.

ஆகஸ்ட் 20, வெள்ளி

வந்துவிட்டான். பகல் வெளிச்சத்தில், தெருவோடு. அவள் முன்னால் நடக்க, அவன் பின்னால். எல்லோரும் வாசலுக்கு வந்து "வாங்க வாங்க" என்றோம். மூக்கம்மாளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. கறி எடுத்திருந்தாள்.

அந்த நீலக் கட்டச் சட்டையைப் போடச் சொல்லியிருக்கிறாள். பெருத்துப் போயிருக்கிறான், பொத்தான் மாட்டவில்லை. திறந்தபடியே போட்டுக்கொண்டு டீக்கடைக்குப் போனான்.

ஆகஸ்ட் 30, திங்கள்

பட்டா வாங்கியாயிற்று. முப்பதாம் மனை எங்களுக்கு, முப்பத்தொன்று அவர்களுக்கு. சீட்டுக் குலுக்கியதில் தள்ளித்தான் விழுந்தது, இரண்டு வீட்டுக்காரர்களிடம் கெஞ்சி மாற்றிக்கொண்டோம். மூக்கம்மாள் தாளைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அழகர் அதை வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டான். "பத்திரமா வச்சுக்கிறேன்னாக" என்றாள். ராஜா மாதிரி மலையேறிப் போனான்.

செப்டம்பர் 13, திங்கள்

எப்படி எழுதுவேன்.

காலையில் வாய்க்கால்கரை வீடுகளை நாங்களே பிரித்தோம். தகரம், மரம், சட்டி பானை எல்லாம் மாட்டுவண்டியில் ஏற்றி மேட்டுக்குப் போனோம். முப்பத்தோராம் மனையில் குடிசை நின்றது. வாசலில் ஒரு பொம்பளை, இரண்டு சின்னப் பிள்ளைகள். அழகர் கூரைமேல் கிடுகு வேய்ந்துகொண்டிருந்தான்.

மூக்கம்மாள் வண்டியிலிருந்து இறங்கவில்லை. அந்த அடுப்பு அவள் மடியில் இருந்தது.

சீனிச்சாமி அண்ணன் அவனை இழுத்துப் போட்டுச் சட்டையைப் பிடித்தார். "ஏம்பேர்ல இருக்குய்யா, பாரு" என்று பட்டாவை எடுத்து நீட்டினான். அந்தப் பொம்பளை அழுதாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது போலிருக்கிறது, எல்லோர் முகத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள்.

"நம்ம வீட்டுல வந்து இரு" என்று மூக்கம்மாளிடம் சொன்னேன். ஒரு தடவை சொன்னேன். இவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். அவள் தலையை ஆட்டிவிட்டு வண்டியைத் திருப்பச் சொன்னாள். பிள்ளையோடு டீக்கடைச் சாய்ப்புக் கொட்டகையில் இருக்கிறாள்.

செப்டம்பர் 20, திங்கள்

ஆபீசுக்குப் போனோம், அவளும் நானும். கிளார்க் முன்னால் போய் நின்று, ஆறு வருஷமாகச் சொல்லாததை அவள் வாயாலேயே சொன்னாள். "எம்புருசன் என்னைய விட்டுட்டுப் போய் ஆறு வருசமாச்சு சார். என்கூட இல்ல." அங்கிருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

கிளார்க் கட்டைப் பிரித்தார். ஒரு தாளை எடுத்தார். "இதுல வேற மாதிரி இருக்கேம்மா" என்றார்.

"என்னக்கா எழுதியிருக்கு?" என்று அவள் என்னைக் கேட்டாள்.

நீங்களே வாசித்துக் காட்டுங்கள் என்று தாளை என் பக்கம் தள்ளினார் அந்த மனுஷன். வாசித்தேன். "மேற்படி அழகர் தம் மனைவி மூக்கம்மாள், மகள் மகாலட்சுமி ஆகியோருடன் மேற்படி வீட்டில் தொடர்ந்து குடியிருந்து வருகிறார் என்றும், தொழில் நிமித்தம் அவ்வப்போது கேரளா சென்று வருகிறார் என்றும் உறுதி கூறுகிறேன். இப்படிக்கு, பாஜிலா, செயலாளர்." ஓர் அடித்தல் இல்லை. அவ்வளவு அழகான கையெழுத்து.

நான் எழுதியது பொய்யென்று எழுதித் தருகிறேன் என்றேன். கிளார்க் குரலைத் தாழ்த்தினார். "தாங்க. ஆனா ஐம்பத்தெட்டு மனுவும் ஒங்க சாட்சியிலதான் நிக்குது. ஒண்ணு பொய்யின்னா மத்ததும் விசாரணைக்குப் போகும். பட்டாவ நிறுத்தி வச்சாலும் வைப்பாக."

நான் பேனாவைப் பிடித்துக்கொண்டே இருந்தேன். எழுதவில்லை. எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. மூக்கம்மாள்தான் என் கையைத் தொட்டாள். "விடுங்கக்கா. வாங்க போவோம்."

செப்டம்பர் 21

அவள் மானத்துக்காக எழுதினேன் என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். கேட்டவர்களும் உச்சுக் கொட்டுகிறார்கள். இங்கே யார் பார்க்கப் போகிறார்கள்? கட்டு நின்றுவிடக் கூடாதென்று எழுதினேன். என் பட்டியலில் ஓட்டை விழக் கூடாதென்று எழுதினேன். இன்னும் நாலு நாள் உட்கார்ந்து சண்டை போட்டிருந்தால் அவள் அந்தச் சான்றுக்குச் சம்மதித்திருப்பாள். அவள் பிடிவாதம் எனக்குச் சௌகரியமாக இருந்தது.

நேற்று நான் பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேனே, எதற்காக? அவள் "விடுங்க" என்று சொல்லட்டும் என்றுதானே?

அக்டோபர் 3, ஞாயிறு

மூக்கம்மாள் போய்விட்டாள். நெடுங்கண்டம் பக்கத்து எஸ்டேட்டில் கூலிக்காரர் லயத்தில் ஓர் அறை தருகிறார்களாம். மகாலட்சுமியைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திக் கூட்டிப் போகிறாள். ஜீப் வரை போனேன். "தண்ணி பைப்புக்கு மனு எழுதுங்க, விட்றாதீக. மேட்டுல தண்ணி ஏறாது" என்றாள். ஜீப் கிளம்பும்போது என்னைப் பார்க்கவில்லை.

2003 ஜூன் 17

நாலு வருஷமாயிற்று, இதை எடுத்து. பழைய டைரிதான், காலிப் பக்கம் நிறையக் கிடக்கிறது.

இன்று மேட்டில் தண்ணீர் வந்தது. தெருமுனையில் இரண்டு குழாய். என் மனுதான். மாலை போட்டார்கள்.

முப்பத்தொன்றில் இருக்கிறவள் முருங்கைக்கீரைப் பொரியல் கொடுத்துவிட்டாள். நன்றாக இருந்தது. நல்ல பொம்பளைதான். அதுதான் எனக்கு ஆத்திரமாக வருகிறது.

2010 ஏப்ரல் 25, ஞாயிறு

மூக்கம்மாள் வந்தாள்.

மத்தியானம் தைத்துக்கொண்டிருந்தேன். வாசலில் நிழல் விழுந்தது. தலை பாதி நரைத்துவிட்டது. மகாலட்சுமிக்குக் கல்யாணம், வைகாசியில், மாப்பிள்ளை உத்தமபாளையம். "பத்திரிகை எழுதணும்க்கா. ஒங்க கையெழுத்துன்னா அச்சாபீசுல தப்பு வராது" என்றாள். பதினோரு வருஷம் கழித்து இதற்கு வந்திருக்கிறாள். பக்கத்து வீட்டுப் பக்கம் அவள் திரும்பவேயில்லை.

தாளை எடுத்தேன். 'மூக்கம்மாள் அவர்களின் மகள்' என்று எழுதினேன். அவள் பக்கத்தில் வந்து குனிந்து, விரலை வைத்து எழுத்துக் கூட்டி வாசித்தாள்.

"எப்பப் படிச்ச?"

"மவகிட்டத்தான். அன்னைக்கி ஆபீசுல முழிச்சிக்கிட்டு நின்னேன்ல, அதுக்குப் பெறகு."

அவள் மறுபடி வாசித்துப் பார்த்தாள். "அவுக பேரையும் போடுங்க. முன்னால போடுங்க" என்றாள்.

"வேணாம் மூக்கம்மா."

"சம்பந்தகாரவுக கேப்பாகக்கா. போடுங்க."

போட்டேன். 'அழகர் – மூக்கம்மாள் தம்பதியரின் மகள்.' பதினோரு வருஷத்துக்கு முன்னால் எழுதிய அதே கையெழுத்து.

அடுத்தது இருப்பிடம். லயத்து விலாசத்தைப் போடவா என்று நான் கேட்கவில்லை. 'மனை எண் 30, மேட்டுக் காலனி, கம்பம்' என்று எழுதினேன். அவள் விரல் அந்த வரிக்கு வந்தது. மெதுவாக வாசித்தது. நின்றது.

"முப்பதா? இது ஒங்க வீடுல்ல?"

"ஆமா. பொண்ணு அழைக்க இங்கன வரட்டும். இங்கருந்தே போகட்டும். நீயும் முன்னாடியே வந்து இரு. இவருகிட்ட நான் கேக்கப் போறதில்ல."

அவள் தாளைக் கையில் எடுத்துக்கொண்டாள். பிறகு சிரித்தாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

"இத அன்னைக்கி இன்னொரு தடவ சொல்லியிருக்கலாம்லக்கா."

தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு அச்சாபீசுக்குக் கிளம்பிப் போய்விட்டாள்.