மழைநாகத்துக்கு வெயில் காட்டிய செய்தி

திருவும் வெற்றியும் நிலைபெறுக! எண்பெருங்குன்றம் உடையவரும் பகைவர் முடிகளைப் பாதபீடமாகக் கொண்டவருமான வெண்கோட்டு வேந்தர் செருவணிக்கோ திருவாய் மலர்ந்தருளியபடி, அமைச்சர் குணவாயில் நம்பி எழுதுவித்த ஓலை. நெய்தலந்துறைக் காவலர் நல்லியக்கனார் கண்டு தெளிக. உம் துறையில் மரக்கலங்கள் நிறைக. உம் உப்பளங்கள் வெளுத்துப் பொலிக.

முதலில் நற்செய்தி: மழை பெய்தது. ஏரிகள் மறுகால் பாய்கின்றன. உம் மகன் இளஞ்சேந்தன் உயிரோடு இருக்கிறானா என்று நீர் பதறுவதை அமைச்சர் அறிவார். சற்றே பொறும். எதையும் முறைப்படி சொல்வதே அரண்மனை வழக்கம்.

உம் துறையில் வாழும் சீன வணிகரின் கோயிலில் கொம்பும் கூர்நகமும் உடைய மழைநாக அரசர் இருக்கிறார், கேட்டால் மழை தருவார் என்று மன்னர் செவியில் போட்டவர் நீரே. அந்தச் சொல்லுக்குப் பிணையாக, நாகத்தின் மரச்சிலையோடும் பூசகர் லியாங்கோடும் மகனை அனுப்பியவரும் நீரே. ஆகவே பிறர்மேல் பழி போட வேண்டாம்.

லியாங் நல்லவர், அதுதான் அவருக்கு வந்த கேடு. அவர் ஊதுவத்தி கொளுத்தினார், மஞ்சள் தாளில் மந்திரம் எழுதி எரித்தார், தொண்டை கட்டும்வரை ஓதினார். வானம் அசையவில்லை. சிலையைப் பிளந்து அடுப்பில் இடுமாறு மன்னர் பணித்ததும் லியாங் துடித்துப்போய்க் காலில் விழுந்து, தம் நாட்டு வழக்கத்தை எடுத்துரைத்தார். கடல் நான்குக்கும் நாக அரசர் நால்வர் உண்டென்றும், வானுலக வேந்தர் ஆணையின்றி அவர்கள் ஒரு துளியும் பொழியார் என்றும், மழை தவறினால் ஊரார் நாகத்தை வெயிலில் நிறுத்துவர் என்றும், குடிகள் படும் வேக்காட்டைத் தானும் பட்டால் நாகமே வானுலகம் சென்று முறையிடும் என்றும் சொன்னார்.

மன்னர் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே! தெய்வத்தையே தண்டிக்கத் தெரிந்தவர்களா நீங்கள் என்று வியந்தருளினார். பிறகு, மரத்துக்கு வெயில் சுடுவது எப்படித் தெரியும், பக்கத்தில் ஒருவன் கதறினால் அல்லவா தெரியும் என்றார். பிணை என்று ஒருவன் வந்திருப்பது அப்போதுதான் அவர் நினைவுக்கு வந்தது. உம் மகனை அரண்மனை முற்றத்து வெயிலில் நாகத்தோடு சேர்த்துக் கட்டினார்கள்.

“மகாராசா, என்னைக் கட்டுங்க! அந்தப் புள்ள என்ன பாவம் பண்ணுச்சு?” என்று லியாங் துறைமுகத் தமிழில் அழுதார். அவையோர்க்கு அது சிரிப்பாய் இருந்தது. பூசகர் செத்தால் ஓதுவது யார் என்று மன்னர் மறுத்துவிட்டார்.

வெயில் ஏற ஏற உம் மகன் கதறினான். பின்னர் முனகினான். பின்னொரு காலையில் கீழ்வானில் கருமேகம் திரண்டது. லியாங் முற்றத்துக்கு ஓடினார், “மேகம் வந்துடுச்சு, அவுத்து விடுங்க!” என்று காவலர் ஒவ்வொருவர் கையையும் பிடித்தார். அப்போது உம் மகனுக்கு உயிர் இருந்தது, தண்ணீரும் கேட்டான். மன்னரோ, இப்போது அவிழ்த்தால் மழை தானாக வந்தது என்று குடிகள் பேசுவர், தம் ஆணைக்கு வந்த மழை என்று எவர் சொல்வர் என்று வினவி, கயிற்றைத் தொடுபவன் கையை வெட்டப் பணித்தார். லியாங் தொடத்தான் ஓடினார். நான்கு வீரர் அவரை மண்ணில் அழுத்திப் பிடித்தனர்.

மழை உச்சிப்பொழுதுக்குப் பின் இறங்கியது. உம் மகனின் வாய் திறந்தே இருந்தது, நீர் நிறைந்து வழிந்தது, அவன் விழுங்கவில்லை.

சந்தனக் கட்டையில் எரியூட்டினோம். நாகத்துக்குப் பொற்குடையும் உமக்கு மழைதந்த பேரரையன் என்னும் பட்டமும் அருளப்பட்டன. லியாங் இப்போது ஓதுவதில்லை. நாகத்துக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருக்கிறார்.

இனி ஆணை. பலித்த வழியை விடலாகாது என்பதால், கோடைதோறும் நாகம் வெயிலில் நிறுத்தப்படும். பிணை உம் குடியிலிருந்தே வரும். உம் இளைய மகனும் தோள் திரண்டு வளர்ந்திருப்பதாகக் கேள்வி. அடுத்த கோடைவரை அவன் அரண்மனைச் சோறு உண்ணட்டும். ஓலையோடு வந்த வீரரில் ஒருவனே உம் எதிரில் நிற்கிறான். மற்றவர் இதற்குள் உம் வீட்டுக்குள் சென்றிருப்பர்.

சங்கும் வாளும் பொறித்த அரக்கு இட்டோம். இது வேந்தர் ஆணை. மறுப்பு எழுத வேண்டா. நன்றி மட்டும் எழுதி அனுப்புக.