பனி எந்த லென்ஸில்?

பிப்ரவரி 2, ஞாயிறு

மச்சினன் வந்துவிட்டுப் போனான். வழக்கம்போலப் பாதிப் பொருளோடு வந்தான். புது கேமரா வாங்கிவிட்டானாம், பழைய மிரர்லெஸ் கேமரா இனி எனக்காம். லென்ஸ் கிடையாது. "உடம்பு மட்டும்தான் மாமா நான் தர்றது. கண்ணை நீங்க வாங்கிக்கங்க" என்கிறான். போன தடவை பெடல் இல்லாத சைக்கிள் கொடுத்த ஆள்.

யோசனையும் அவனே சொன்னான். புது லென்ஸ் வேண்டாமாம். பிலிம் காலத்து லென்ஸ் ஒன்று வாங்கி, நடுவில் அடாப்டர் வளையம் போட்டால் கேமராவில் ஜம்மென்று உட்கார்ந்துவிடுமாம். ஃபோகஸ் மட்டும் கையால் திருப்பிச் செய்ய வேண்டும். "உங்க கைக்கு அதெல்லாம் தூசு மாமா."

அதில் பொய் இல்லை. பாதி ஆயுளைப் பல் லேபில் கழித்தவன் நான். கடைவாய்ப் பல்லின் மேட்டையும் பள்ளத்தையும் ஊசிமுனையால் செதுக்குகிறவனுக்கு ஒரு வளையத்தைத் திருப்புவதா பெரிய வேலை?

இவள், மச்சினனின் அக்கா, ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். "ஒரு லென்ஸ். ஒண்ணே ஒண்ணு. வீட்ல இடம் இல்ல."

பிப்ரவரி 8, சனி

பழைய கேமரா கடை, மாடிப்படிக்கு அடியில், ஒரு ஆள் திரும்ப முடியாத இடம். கடைக்காரர் வீட்டுக்குள்ளேயும் தொப்பி போடுகிற ரகம். தொப்பிக்காரர் என்றே எழுதுகிறேன், பெயர் கேட்கவில்லை.

நூறு லென்ஸ் இருக்கும். ஒன்றைக் கையில் எடுத்துத் திருப்பினேன். உலோக வளையம் வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி நகர்ந்தது. அப்போதே மனசு போய்விட்டது. தொப்பிக்காரர் என்னென்ன பார்க்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தார்: டார்ச் அடித்து உள்ளே பூஞ்சை இருக்கிறதா பார், துவாரத்தைச் சுருக்கும் இதழ்களில் எண்ணெய் கசிந்திருக்கிறதா பார், வளையம் நடுவில் எங்காவது சிக்குகிறதா பார். மணப்பெண் பார்க்கப் போனபோதுகூட நான் இவ்வளவு பார்க்கவில்லை. (இந்தப் பக்கத்தை இவள் படிக்காமல் இருக்க வேண்டும்.)

ஐம்பது எம்எம் ஒன்று எடுத்துக்கொண்டேன். பிடிக்காவிட்டால் மாற்றித் தருகிறேன் என்றார்.

பிப்ரவரி 9, ஞாயிறு

கேமரா செத்துவிட்டது என்று நினைத்தேன். பட்டனை அழுத்தினால் கம்மென்று இருக்கிறது. மச்சினனுக்குப் போன் போட்டுக் கத்தினேன். அவன் விழுந்து விழுந்து சிரித்தான். கையால் இயக்கும் லென்ஸ் இருப்பது கேமராவுக்கே தெரியாதாம், மூளியாக இருப்பதாக நினைத்துப் படம் எடுக்க மறுக்கிறதாம். அமைப்பில் போய் 'லென்ஸ் இல்லாவிட்டாலும் எடு' என்று சொல்ல வேண்டும்.

சொன்னேன். எடுத்தது.

பிப்ரவரி 15, சனி

ஐம்பது சரியில்லை.

இவள் நகராட்சி நீச்சல் குளத்தில் பயிற்சியாளர். காலை வகுப்புக்குக் கூடவே போய், கரையில் உட்கார்ந்து எடுத்தேன். தண்ணீரில் வெயில், வரிசையாகக் கலர் கலராய்த் தொப்பி, விசில் வாயில் இவள். காட்சி அள்ளுகிறது. வியூஃபைண்டரில் பார்த்தால் எல்லாவற்றின் மேலும் மெல்லிசாகப் பனி. எவ்வளவு திருப்பினாலும் கூர்மை வந்து உட்காரவில்லை. ஃபோகஸ் ஆன இடத்தைச் சிவப்புக் கோட்டால் காட்டும் வசதி கேமராவில் இருக்கிறது. அதை அணைத்துவிட்டேன். செதுக்குகிற கைக்குக் கோடு போட்டுக் காட்ட வேண்டுமா என்ன?

வீட்டுக்கு வந்து கணினியில் பார்த்தேன். முக்கால்வாசி படம் சொதப்பல். உள்ளே பூஞ்சைதான், சந்தேகமே இல்லை.

பிப்ரவரி 22, சனி

திருப்பிக் கொடுத்தேன். தொப்பிக்காரர் டார்ச் அடித்தார், திருப்பினார், ஊதினார். "சார், இதுல ஒரு தூசிகூட இல்ல." எனக்குக் கோபம் வரவில்லை, பெருந்தன்மையாகச் சிரித்தேன். வியாபாரி அப்படித்தான் சொல்வார்.

அதற்குப் பதிலாக ஐம்பத்தெட்டு எம்எம் ஒன்று. இது வேறு ஜாதி. நடுவில் முகம் அசையாமல் நிற்க, பின்னால் இருக்கும் இலையெல்லாம் சுழல் மாதிரி சுற்றும். கடை வாசலில் நின்ற வேப்பமரத்தையே ராட்டினம் ஆக்கிவிட்டது.

பிப்ரவரி 25, செவ்வாய்

பல் டாக்டரம்மா நான் செய்த பல் உறை ஒன்றை, லேப் பாஷையில் கேப், திருப்பி அனுப்பியிருக்கிறார். பக்கத்துப் பல்லோடு நிறம் சேரவில்லையாம். எனக்கா? என்னிடமிருந்து போன கேப் திரும்பி வந்ததாக லேபில் யாருக்கும் ஞாபகம் இல்லை. லேபில் புது டியூப்லைட் மாட்டியதிலிருந்து நிறமே சரியாகத் தெரிவதில்லை என்று சொன்னேன். பக்கத்து மேஜைக்காரர் விளக்கை அண்ணாந்து பார்த்தார்.

மார்ச் 1, சனி

ஐம்பத்தெட்டும் உருப்படி இல்லை. சாயங்காலம் தெருவில் எடுத்தேன். ஒவ்வொரு விளக்கைச் சுற்றியும் ஒரு வட்டம், வட்டத்தைச் சுற்றி ஈர்க்குச்சி மாதிரி கதிர். கண்ணாடிப் பூச்சு போய்விட்டிருக்க வேண்டும்.

"இன்னும் எத்தனை லென்ஸைத் தள்ளி விடப் போறீங்க?" என்றாள் இவள்.

மார்ச் 6, வியாழன்

இரண்டாவது கேப்பும் திரும்பி வந்துவிட்டது. டாக்டரம்மா போனில் மெதுவாகத்தான் பேசினார். "நீங்களா பண்ணீங்க இதை? வேற யாராவது பண்ணாங்களோன்னு நினைச்சேன்." அந்த மரியாதைதான் சுட்டது. திட்டியிருக்கலாம்.

நிற மாதிரிப் பற்களை வரிசையாக அடுக்கி வைத்துக்கொண்டு பார்த்தேன். பக்கத்துப் பக்கத்து நிறம் ரெண்டும் ஒண்ணு மாதிரியே இருக்கு. முன்னாடி இப்படி இல்லையே. இருந்துச்சா? எனக்கு என்ன ஆச்சு? வேலை மறந்து போச்சா?

யாரிடமும் சொல்லவில்லை.

மார்ச் 8, சனி

கடைக்குப் போனேன், மனசை மாற்ற. தொப்பிக்காரர் ஐம்பத்தெட்டை வாங்கி வைத்துக்கொண்டு என்னை ஒரு தினுசாகப் பார்த்தார். பிறகு ஒரு முப்பத்தைந்து எம்எம்மை எடுத்தார். "இதோட குறையை நானே முன்னாடியே சொல்லிடறேன் சார். கண்ணாடியில தோரியம் கலந்திருக்கு. நாளாக ஆக மஞ்சளாயிடும். ஜன்னல்ல வெயில்ல வெச்சா கொஞ்சம் கொஞ்சமா தெளியும்."

உள்ளே பார்த்தேன். "மஞ்சளே இல்லையே" என்றேன். அவர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். தலையில் முடி நிறையவே இருக்கிறது. ஆச்சரியம்.

மார்ச் 9, ஞாயிறு

இன்றைக்கு நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும்.

நேற்று மாற்றி வாங்கி வந்த முப்பத்தைந்தைக் காலையில் இவளிடம் காட்டினேன். தோரியம், லேசாகக் கதிர்வீச்சு உள்ளதாம், என்றதும், "வீட்டுக்குள்ள அணுகுண்டா?" என்றாள். பயப்படும் அளவுக்கு இல்லையாம் என்று சொல்லி, வெள்ளைத்தாளுக்கு மேலே லென்ஸைப் பிடித்து, "இது மஞ்சள்னு கடைக்காரர் சொல்றார், பாரேன், பளிச்சுன்னு இருக்கு" என்றேன்.

"பளிச்சா? டீ கொட்டின மாதிரி இருக்கு."

"எங்க?"

"என்னங்க விளையாடறீங்களா?"

நான் வழக்கம்போல இடது கண்ணை மூடிக்கொண்டு வலது கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தேன். கேமராவிலும் அப்படித்தான், லேபிலும் அப்படித்தான். இவள் என் வலது கண்ணைக் கையால் பொத்தினாள். இடது கண்ணால் பார்த்தேன்.

டீ.

கையை மாற்றச் சொன்னேன். வலது கண்: தாளும் லென்ஸும் கிட்டத்தட்ட ஒரே நிறம். மறுபடி இடது: தாள் வெள்ளை, லென்ஸ் மஞ்சள். வலது: இரண்டுமே பழைய காகித நிறம். சின்னப் பிள்ளைகள் கண்ணாமூச்சி ஆடுகிற மாதிரி மாற்றி மாற்றிப் பொத்திக்கொண்டு நின்றோம்.

"இப்ப என் முகம் எப்படித் தெரியுது?" என்று கேட்டாள், இடது கண்ணைப் பொத்திக்கொண்டே.

"அழகா."

"பொய் சொல்லாதீங்க."

"பனியில நிக்கற மாதிரி இருக்க."

அவள் கையை எடுக்கவே இல்லை. பூஞ்சையும் இல்லை, பூச்சும் போகவில்லை. அந்தப் பனி எல்லாம் என் கண்ணில்தான் இருந்திருக்கு. அந்த ரெண்டு கேப்பும்—

மதியம் சாப்பாடு இறங்கவில்லை. கண்ணு போச்சுன்னா நான் என்ன வேலை செய்வேன்? எனக்கு வேற என்ன தெரியும்?

மார்ச் 11, செவ்வாய்

கண் டாக்டர் சின்ன வயசு, கலகலப்பு. கண்புரையாம். வலதில் முற்றியிருக்கிறது, இடதில் ஆரம்பம்.

"உங்க கண்ணுக்குள்ள இருக்கற லென்ஸே மங்கிப் போச்சு சார்" என்றார்.

"சுத்தம் பண்ணிட முடியாதா டாக்டர்?"

"முடியாது. எடுத்துட்டு வேற வைக்கணும்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இவள் தொடையில் கிள்ளினாள். ஒரு மாதமாக ஊரெல்லாம் லென்ஸைக் குறை சொல்லிக்கொண்டு அலைந்திருக்கிறேன். கடைசியில் மாற்ற வேண்டிய லென்ஸை நானே சுமந்துகொண்டு போய்த்தான் குறை சொல்லியிருக்கிறேன்.

வேலை போகுமா என்று கேட்டேன். "இந்தக் கண்ணோட இவ்வளவு நாள் பண்ணதுதான் ஆச்சரியம்" என்றார். அதைக் கேட்டதும் சாப்பிட வேண்டும் போல இருந்தது. வழியில் இரண்டு பேரும் வயிறு முட்டச் சாப்பிட்டோம்.

மார்ச் 16, ஞாயிறு

தேர்வுச் சிக்கல். கண்ணுக்குள் வைக்கும் லென்ஸில் எனக்கு ஏற்றது என்று டாக்டர் சொல்வது, ஒரே தூரத்துக்குத்தான் கூர்மையாக இருக்கும். கிட்டப் பார்வையா, தூரப் பார்வையா? மற்றதற்குக் கண்ணாடி போட்டுக்கொள்ள வேண்டும். பிடிக்கவில்லை என்று அடுத்த சனிக்கிழமை கொண்டுபோய்க் கொடுக்க முடியாது.

நான் கிட்டப் பார்வை என்றேன். பல் கிட்டத்தில்தானே இருக்கிறது.

இவள் துணி மடித்துக்கொண்டே சொன்னாள்: "லேப்ல எப்படியும் பூதக்கண்ணாடி மாட்டிக்கிட்டுதான் உக்காருறீங்க. மத்த நேரமாவது வெறுங்கண்ணால நல்லா பாருங்களேன். நான் குளத்துக்கு அந்தக் கரையிலதான் நிப்பேன்."

சரி, தூரம்.

மார்ச் 27, வியாழன்

ஆயிற்று. வலி இல்லை. விழித்துக்கொண்டேதான் இருந்தேன். தண்ணீருக்கு அடியிலிருந்து விளக்கைப் பார்ப்பது போல நிறங்கள் கலங்கி ஓடின. சுருட்டி உள்ளே விட்ட லென்ஸ் தானாக விரிந்துகொள்ளுமாம். "துவாரம் எவ்வளவு டாக்டர்?" என்று கேட்டேன். "அது உங்க கண் பாப்பா பாத்துக்கும், பேசாம இருங்க" என்றார்.

நான் சொல்லச் சொல்ல இவள் எழுதுவதாக இருந்தது, நானே எழுதிவிட்டேன். இந்தக் கடைசி வரி மட்டும் அவள் கையெழுத்து: *பயந்தது நான்தான். இவர் உள்ளே ஜோக் அடிச்சிட்டு இருந்திருக்கார்.*

மார்ச் 28, வெள்ளி

நீலம்!

கட்டைப் பிரித்ததும் முதலில் பார்த்தது நர்ஸின் சட்டை. இப்படி ஒரு நீலம் இருக்கிறது என்பதே மறந்துபோயிருந்தது. வீட்டுக்கு வந்தால் சுவரெல்லாம் வெள்ளை. போன வருஷம் பெயிண்டரிடம், "வெள்ளை கேட்டா கிரீம் அடிச்சிருக்கியேப்பா" என்று சண்டை போட்டது நான். அந்த மனுஷன் இரண்டாவது தடவை வேறு அடித்துக் கொடுத்துவிட்டுப் போனார். எங்கே இருக்கிறாரோ.

இவளைப் பார்த்தேன்.

"இவ்வளவு நரையா?" என்றேன்.

"ஆபரேஷனுக்கு முன்னாடி நீங்க நல்ல மனுஷனா இருந்தீங்க."

ஏப்ரல் 14, திங்கள்

சொட்டு மருந்து, சொட்டு மருந்து, சொட்டு மருந்து.

ஏப்ரல் 26, சனி

தொப்பிக்காரரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். கல்லாவில் தட்டித் தட்டிச் சிரித்தார். முதல் லென்ஸையே, அந்த ஐம்பதையே, வாங்கிக்கொள்ளலாம் என்று போயிருந்தேன்.

"அது போயிடுச்சு சார். கண்ணு தெரிஞ்ச ஒருத்தர் வந்து வாங்கிட்டுப் போயிட்டாரு."

ஆனால் ஐம்பத்தெட்டு அங்கேயே இருந்தது. மாட்டிப் பார்த்தேன். விளக்கைச் சுற்றி வட்டமும் இல்லை, கதிரும் இல்லை. வளையத்தைத் திருப்பத் திருப்ப, எதிர்க்கடைப் பலகையின் எழுத்து ஒவ்வொன்றாக எழுந்து நின்றது. கூர்மை வந்து உட்காரும் இடத்தில் விரல் தானாக நின்றுவிட்டது.

முப்பத்தைந்து ஜன்னலில் வெயில் காய்ந்து தெளிந்துகொண்டிருக்கிறது, அதையும் கொடுக்க மனமில்லை. ஆக இரண்டு. இவள் எண்ணினாள். அலமாரியில் தன் நீச்சல் பையை நகர்த்தி இடம் விட்டாள்.

மே 13, செவ்வாய்

லேபில் முழு வேலை. டாக்டரம்மா ஒரு முன்பல் வேலையை என்னிடமே அனுப்பினார், என் பெயரைச் சொல்லி. கைப்பந்து ஆடும் பெண், பந்து எகிறிப் பல் உடைந்துவிட்டது. பக்கத்துப் பல் லேசில் பிடிபடாத நிறம். ஈறை ஒட்டிய கழுத்தில் கொஞ்சம் பழுப்பு, முனையில் நீல நிழல். அந்த நீலத்தைப் பார்த்துப் பார்த்துத் தீட்டினேன். அவசரப்படவில்லை.

மே 24, சனி

கைப்பந்துப் பெண் நன்றி சொல்ல லேபுக்கே வந்துவிட்டாள். பல் உடைந்ததிலிருந்து கையால் வாயை மூடிக்கொண்டுதான் சிரிப்பாளாம். கேமரா பையில் இருந்தது. எடுக்கட்டுமா என்று கேட்டேன், சரி என்றாள். வாசலுக்கு வந்து மரத்தடியில் நின்றாள். நான் குனிந்து வளையத்தைத் திருப்பிக்கொண்டே, பெடல் இல்லாத சைக்கிளில் மச்சினன் என்னை ஏற்றிப் பார்த்த கதையைச் சொன்னேன். கையை எடுத்துவிட்டு வாய் விட்டுச் சிரித்தாள். பின்னால் இலையெல்லாம் சுற்றுகிறது, நடுவில் பல் அத்தனையும் ஊசிமுனை போலக் கூர்மை.

சாயங்காலம் இவளிடம் படத்தைக் காட்டினேன். பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள்.

"இதுல எது நீங்க செஞ்சது?"

"நீயே சொல்லு."

ஒன்றைத் தொட்டாள். இல்லை என்றேன். இன்னொன்றைத் தொட்டாள். அதுவும் இல்லை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தாள், திரையை மூக்கு தொடும் அளவுக்குக் கிட்டக் கொண்டுவந்து.

நான் சொல்லவில்லை. இன்னும் தேடிக்கொண்டிருக்கிறாள்.